புளி போட்டுத் தேய்த்த வளையம்

நான் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடும், ஆட்கள் நடப்பார்கள், ஒருவரை ஒருவர் சீண்டிச் சிரித்துக்கொள்வார்கள். சத்தம் எதுவும் உள்ளே வராது. சித்திரை வெயிலில் வெளியே தார் இளகிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூடு கூடினால் இரும்பு பெருத்துவிடும், அளவு மாறிவிடும். அதனால் அந்த அறையில் எப்போதும் ஒரே குளிர்தான். இரும்புக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தால் எப்போதோ உருப்பட்டிருப்பேன் என்று ஆரம்பத்தில் அலுத்துக்கொண்டதுண்டு. பிறகு பழகிவிட்டது.

எங்கள் கம்பெனி தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு செம்மண் மேட்டில் இருக்கிறது. தஞ்சாவூர் என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். காவிரித் தண்ணீர் இங்கே ஏறாது. முந்திரியும் தைல மரமும்தான். முன்பு எங்கள் கம்பெனி அறுவடை மிஷின்களுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்த பட்டறை. முதலாளி கும்பகோணத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பத்துக்காரர். அவர் அப்பாவின் வயலில் என் அம்மா நடவு நட்டிருக்கவும் கூடும். எங்கள் வலங்கைமான் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன காலம் அது. நானும் முதலாளியும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள நான் எவ்வளவு தூரம் போவேன் என்பது எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

ராணுவத்துக்கு வேண்டிய சாமான்களை முன்பெல்லாம் சர்க்கார் தொழிற்சாலைகள் செய்தன, இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கின. பிறகு தனியாரும் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் கிடைத்தது. அது தன் வேலையில் கொஞ்சத்தைப் பிரித்து ஒரு நடுத்தரக் கம்பெனியிடம் கொடுத்தது. அந்த நடுத்தரக் கம்பெனி அதில் ஒரு கிள்ளு கிள்ளி எங்களிடம் கொடுத்தது. பந்தியில் கடைசி இலை எங்களுடையது. ஆனாலும் முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். பேப்பரில் ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று கொட்டை எழுத்தில் வரும்போதெல்லாம், அந்த உள்நாடு செங்கிப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் திரும்பினால் வந்துவிடும் என்று யாரிடமாவது சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது.

சொல்லக்கூடாது என்பதற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போனை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நாங்கள் செய்வது உள்ளங்கையில் அடங்குகிற ஓர் எஃகுக் கிண்ணம், நடுவில் ஒரு துளை. வரைபடத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு நம்பர்தான். அது பீரங்கிக் குண்டின் மூக்கில் போய் உட்கார்வது என்று மேனேஜர் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, மறுநாள் முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தார். அந்தத் துளைக்குள் இன்னொரு துண்டு வழுக்கிக்கொண்டு போய் நிற்கவேண்டும். துளை பெருத்துவிட்டால் துண்டு ஆடும். ஆடினால் வெடிக்கவேண்டிய இடத்தில் வெடிக்காது. வெடிக்கக்கூடாத இடத்தில் வெடித்தாலும் வெடிக்கும். அந்தத் துளையை அளந்து, சரி என்று கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை.

அளப்பதற்கு ஒரு முள் கருவி இருக்கிறது. அந்த முள்ளுக்கு எது சரியான அளவு என்று தினமும் காலையில் சொல்லிக்கொடுக்க ஒரு வளையம் இருக்கிறது. மாஸ்டர் வளையம். அதற்குள் கருவியை விட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினால்தான் அன்றைய வேலை தொடங்கும். வளையம் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வை பட்டால் துரு ஏறும். அது இருக்கும் அலமாரியின் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கவேண்டும். இதே மாதிரி இன்னொரு வளையம் எண்ணெய்த் தாளில் சுற்றி சீல் வைத்து முதலாளி அறையில் இருந்தது. மாதம் ஒருமுறை அதை வாங்கிவந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

வேலை முடிந்து கம்பெனி வேன் என்னைத் தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் என் வீடு. ஒரு மாடி போர்ஷன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தேன். அப்பா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதற்கு முன்பே அம்மா இல்லை. அண்ணன் குடும்பம் ஊரில் இருக்கிறது. பொங்கலுக்குப் போனால் அண்ணி, “இன்னும் அந்த பார்ட்ஸ் கம்பெனிதானா?” என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அதோடு என்னைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்கள் எனக்கு நாற்பது ஆனதும் தாங்களாகவே ஓய்ந்துவிட்டார்கள். அந்த வகையில் நிம்மதி. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் பேச விஷயம் இல்லை, இருக்கிற ஒரே விஷயத்தைப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் பால்காரரிடம் வாய் திறக்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசுகிறேன் என்று உறைக்கும். குரல் கரகரவென்று வரும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கிடைத்த துணைதான் அக்கா.

அவள் எங்கள் கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள். ஐம்பதைத் தாண்டிய வயது. பூதலூர்ப் பக்கத்துக் கிராமம். முப்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்டவள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து நடவு நட்டால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் அவர்கள் ஊருக்கு நடவு மிஷினும் வந்துவிட்டது. கம்பெனியில் நின்றபடி மாப் பிடித்துத் துடைக்கிற வேலை, மேலே ஃபேன், மாசம் பிறந்தால் சம்பளம். “கடவுளாப் பாத்து குடுத்த வேல இது. இத விட்டா எனக்கு வேற போக்கு இல்ல” என்று அடிக்கடி சொல்வாள். புருஷன் போய்ப் பல வருஷம். கட்டிக்கொடுத்த மகள் திருப்பூரில்.

என் அறைக்குள் சாப்பிடக்கூடாது. கேன்டீனில் ஆண்கள் பட்டாளம். நான் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். ஒருநாள் அவள் வந்து என் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

“என்னா மேடம் இது?”

“லெமன் சாதம்.”

“நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். ஒரு ஆளுக்கு சமைக்க அவ்வளவு சலிப்பா?” என்று சொல்லிக்கொண்டே தன் தூக்கிலிருந்து கெளுத்திக் குழம்பை என் சாதத்தின் மேலேயே ஊற்றிவிட்டாள். எலுமிச்சைச் சாதத்தில் மீன் குழம்பு. அப்படி ஒரு கண்றாவியை நான் அதற்கு முன் தின்றதில்லை. ஒரு பருக்கை மீதி வைக்காமல் தின்றேன்.

அன்றிலிருந்து மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பாடு. நாலு பேர் இருக்கும் இடத்தில் ‘மேடம், நீங்க’, மரத்தடியில் ‘பாப்பா, நீ’. நான் அளக்கிற சாமான் எதற்குப் போகிறது என்று அவள் ஒருநாள் கேட்டாள். கையெழுத்துப் போட்ட தாளை எல்லாம் மறந்துவிட்டுச் சொன்னேன்.

“எங்க அக்கா மவன் பட்டாளத்துல இருக்கான். மலை மேல எங்கேயோ பனியில போட்ருக்கானுவ. அவன் கைக்கும் இதுதான் போவுமா?”

“போனாலும் போகும்.”

“அப்ப நல்லாப் பாத்து அனுப்பு.”

யாரோ எங்கேயோ சாகப்போகிற குண்டு என்று அதுவரை என் மனசின் ஓரத்தில் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. அவள் சொன்னதற்குப் பிறகும் அது போய்விடவில்லை. ஆனால் துளையை அளக்கும்போது பனியில் நிற்கிற ஒரு பையன் நினைவுக்கு வர ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்ததே கிடையாது.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரே கூத்தாக இருக்கும். ஒரு மிஷினும் ஓடாது. கழுவுவார்கள், துடைப்பார்கள், பொட்டு வைப்பார்கள். சுத்தியல், ஸ்பேனர், பூட்டு, வேன் சக்கரம் எதையும் விடமாட்டார்கள். எங்கள் முதலாளிக்கு ராணுவ வேலை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாஸ்டர் வளையத்தையும் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தாகவேண்டும். நான் ஒவ்வொரு வருஷமும் வளையத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பெட்டியின் மூடியில் மட்டும் பொட்டு வைத்துவிடுவேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு மேலே இருக்கிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் காகிதங்களை எல்லாம் பார்க்கப்போவதாகத் தகவல். நான் ஆபீஸ் அறையில் ஃபைல்களுக்கு நடுவில் தலை தெரியாமல் கிடந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் பித்தளைக் குத்துவிளக்கு, முழங்கைவரை புளிக் கரைசல்.

“ஒங்க ரூம் அலமாரிய தொடைக்கணுமே மேடம். சாவி?”

எழுந்து போகச் சோம்பல். பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“உள்ள இருக்கிற சாமானையும் தொடைச்சிடவா?”

“எல்லாத்தையும் பளபளன்னு வை அக்கா” என்றேன். ஃபைலிலிருந்து நிமிரக்கூட இல்லை.

மறுநாள் பூஜையில் வளையம் தட்டின் நடுவில் இருந்தது. பெட்டி இல்லாமல், சந்தனமும் குங்குமமும் வைத்து, புதுப் பெண் மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. “இந்த வருஷம் உங்க ரூம்தான் மேடம் பளிச்சுன்னு இருக்கு” என்று முதலாளி சொன்னார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். விடுமுறை முடிந்து வந்ததும் ஸ்பிரிட் போட்டுச் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, வேலையைத் தொடங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, தீபாவளி முடிந்ததும், மாதாந்திர ஒப்பீட்டுக்காக உதிரி வளையத்தை வாங்கிவந்தேன். முள் ஆறு கோடு தள்ளிப்போய் நின்றது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். ஆறு கோடு. ஒரு மணி நேரம் குளிரில் போட்டுவிட்டு மூன்றாவது தடவை வைத்தேன். ஆறு கோடு. ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எங்களுக்கு அனுமதித்திருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடியை எடுத்து வளையத்தின் உட்புறத்தைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். எவர்சில்வர் குண்டானைத் தேய்த்துக் கழுவினால் உள்ளே தெரியுமே, அதே கோடுகள். இந்தக் கோடுகளைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு வேறு யாரும் வந்து விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மத்தியானம் மரத்தடியில் கேட்டேன்.

“அக்கா, பூஜைக்கு அந்த வளையத்த எதால தேச்ச?”

“புளியும் சபீனாவும் போட்டுத்தான். உள்ளுக்குள்ள துரு மாதிரி ரெண்டு புள்ளி இருந்துச்சு பாப்பா. வெரலுல துணியச் சுத்தி அரமணி நேரம் தேச்சேன். வெளக்க விட அதான் நல்லா வந்துச்சு” என்றாள். நான் பாராட்டப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தில் ஒரு பெருமை இருந்தது. “ஏன், என்னாச்சு?”

சொன்னேன். வளையம் உள்ளுக்குள் தேய்ந்து பெருத்துவிட்டது. அதைப் பார்த்துக் கடைந்த துளைகளும் பெருத்துவிட்டன. சின்னத் துளையாக இருந்தால் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சின்னதாக்க வழியே இல்லை. மூன்று வாரத்து உருப்படி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறது. நாளை மறுநாள் அதைப் பார்த்து முத்திரை வைக்க மேல் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்.

“அவரு கண்டுபுடிச்சிடுவாரா?”

“மாட்டாரு. அவரும் இதே வளையத்த வெச்சுத்தான் பாப்பாரு.”

அதுதான் உண்மை. நான் வாயை மூடிக்கொண்டு வளையத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவின் வேலையும் போகாது, என் வேலையும் போகாது. அவளும் அதைப் புரிந்துகொண்டாள் என்பது அவள் கையில் இருந்த சோறு அப்படியே நின்றதில் தெரிந்தது. நான் அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன். விட்டுடு பாப்பா என்று அவள் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ.

“அனுப்பிடாத” என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள்: “என் வேல போயிடுமா?”

“போகாதுக்கா. உன் பேரே வராது. சாவி குடுத்தது நானு, பளபளன்னு வைன்னு சொன்னது நானு. நான் பாத்துக்கறேன்.”

“நீ இருக்கிறப்ப எனக்கென்னா” என்று சொல்லிவிட்டுத் தூக்கை மூடினாள்.

மனதார‌த்தான் சொன்னேன். அன்றைக்கு வேனில் வரும்போது ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன். சார், தப்பு என்னுது. சாவியக் குடுத்தது நான்தான். தெரியாம அவங்க தேச்சிட்டாங்க, தேய்க்கச் சொன்னதும் நான்தான். மூன்று வாக்கியம். வல்லம் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய், பெட்டிகளை நிறுத்துங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி வந்தார். இரண்டு வளையங்களையும் வைத்துக் காட்டினேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசி இலைக்காரர்களிடமிருந்து இலையைப் பிடுங்குவதற்கு மேலே இருப்பவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

“கண்டுபிடிச்சு நிறுத்துனீங்களே மேடம், அதுவே பெரிய விஷயம். வெளிய போயிருந்தா என்ன ஆயிருக்கும்” என்றார்.

மேனேஜர் ஒரு படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டார். எந்தத் தப்பு நடந்தாலும் அதன் காரணத்தை எழுதி மேலே அனுப்பவேண்டும்.

“யாரு தேச்சது?”

என் வாக்கியங்கள் மூன்றும் தொண்டைவரை வந்தன. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பாராட்டு இன்னும் முகத்தில் இருந்தது. மாஸ்டர் வளையத்தின் அலமாரிச் சாவியைச் சோம்பலில் தூக்கிக் கொடுத்தவள் என்று தெரிந்தால் இனி அந்த அறைக்குள் என்னை விடுவார்களா? அந்தக் குளிர் அறை, அந்த ஸ்வெட்டர், அந்த மேடம். அதை எடுத்துவிட்டால் நான் யார்? வலங்கைமான் பக்கத்து நடவுக்காரியின் மகள், தஞ்சாவூரில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருப்பவள். அவ்வளவுதான்.

“ஹவுஸ்கீப்பிங் அக்கா, சார்.”

“அலமாரி பூட்டியில்ல இருக்கும்? அவங்க கைக்கு எப்படிப் போச்சு?”

“பூஜைக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சிருந்தோம்ல சார்.”

மேனேஜர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு. அப்படி எழுதியது அவருக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும். நான் சொன்ன இரண்டு பதிலிலும் ஒரு பொய்கூட இல்லை. நினைத்துப் பார்த்தால் அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் அவளுடைய கேட் பாஸை ரத்து செய்துவிட்டார்கள். ராணுவ வேலை நடக்கிற இடம், ஒருமுறை ரத்தானால் மறுபடி கொடுக்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கு அந்த வட்டாரத்தில் வேறு இடமும் இல்லை. நான் வேனுக்கு வரும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செக்யூரிட்டி அவள் பையைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு சீப்பு, ஒரு தூக்கு, மாத்திரை அட்டை.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான்தான் தேச்சேன். அது நெசம்தான்” என்று அவளே சொன்னாள், சத்தம் உயராமல். “நீ சொன்னதயும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல பாப்பா.”

வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் போய் ஏறிக்கொண்டேன். ஏறாமல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு மரத்தடிக்குப் போவதை விட்டுவிட்டேன். புதிதாக ஒரு பெண் துடைக்க வந்தாள். என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். பெருத்துப்போன உருப்படிகளை எல்லாம் நசுக்கிப் பழைய இரும்புக்கு அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் இலையைப் பிடுங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. தவறைத் தானாகவே கண்டறிந்து நிறுத்திய தர ஆய்வாளருக்குப் பாராட்டு. முதலாளி அதைச் சட்டம் போட்டு என் அறையில், நான் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினார். அறையில் ஜன்னல் இல்லை என்று சொன்னேன் அல்லவா, கண்ணாடிச் சுவரை விட்டால் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

மார்கழி பாதிவரை தாக்குப்பிடித்தேன். ஒருநாள் காலையில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மனப்பாடம் செய்த மூன்று வாக்கியங்களையும் வரிசை மாறாமல் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “முடிஞ்சு போன விஷயத்த எதுக்கு மேடம் இப்ப?”

“ரிப்போர்ட்ல என் பேர எழுதணும் சார்.”

“அந்த ஃபைல மூடியாச்சு.”

“அப்ப எனக்குத் தனியா ஒரு கடிதம் குடுங்க.”

இப்படி ஒரு கோரிக்கையை அவர் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார். மேனேஜரைக் கூப்பிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அடிக்கச் சொன்னார். சாவி மேனேஜரிடம் போனது, இனி நான் தினமும் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். அவ்வளவுதான். அறை போகவில்லை, ஸ்வெட்டர் போகவில்லை. “டீ குடிக்கிறீங்களா மேடம்?” என்று அவர் கேட்டார். நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று புரிந்தது.

அக்காவைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். தன் கையில் இல்லை என்றார். அதுவும் பொய் இல்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பூதலூர் பஸ் ஏறினேன். அவள் ஊருக்கு நான் அதற்கு முன் போனதில்லை. விசாரித்துக்கொண்டு நடந்தேன். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். யாருடைய நெல்லையோ அக்கா காலால் துழாவிக்கொண்டிருந்தாள். இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி துழாவினாள். இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“என்னா பாப்பா இவ்வளவு தூரம்?”

“உன்னப் பாக்கத்தான்க்கா.”

“அந்த உருப்படியெல்லாம் என்ன பண்ணாங்க?”

“நசுக்கிட்டாங்க.”

“நல்லதாப் போச்சு” என்றாள்.

நான் கடிதத்தை எடுத்து அங்கேயே, வெயிலில் நின்றபடி, படித்துக் காட்டினேன். சாவியைக் கொடுத்தது இன்னார், துடைக்கச் சொன்னது இன்னார், எனவே முதல் பொறுப்பு இன்னாருடையது என்று தமிழில்தான் அடித்திருந்தார்கள். ஒரு சொல் விடாமல் படித்தேன். படித்து முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் நெல்லில் இருந்த ஒரு கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“அப்ப என்னய திரும்ப எடுத்துக்குவாங்களா?”

“இல்லக்கா. கேட்டுப் பாத்தேன். முடியாதுங்கறாங்க.”

“அப்ப இத எதுக்கு எடுத்துட்டு வந்த?”

கோபமாகக் கேட்டிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பத்து வாரமாக நான் சுமந்துகொண்டு திரிந்ததை எல்லாம் அந்தத் தாளில் இறக்கிவைத்துவிட்டு, அதை அவளிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“எனக்காகத்தான்க்கா” என்றேன்.

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சாலையின் அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, “தஞ்சாவூர் வண்டி இப்ப வந்துடும், போய் நில்லு. இத விட்டா அப்புறம் மூணு மணிக்குத்தான்” என்று சொல்லி, நெல்லைத் துழாவப் போனாள்.